யாரை மறிப்பது, யாரை விடுவது

பந்து கையில் இல்லாத ஆளை மோதித் தள்ளுவது பெரும்பாலான ஆட்டங்களில் தப்பு. கால்பந்தில் விசில் ஊதுவார்கள், ரக்பியில் பெனால்டி கொடுப்பார்கள், ஹாக்கியிலும் விடமாட்டார்கள். அமெரிக்கன் புட்பாலில் மட்டும் அது முழுநேர வேலை. அணிக்குப் பதினொரு பேர் இறங்கும் அந்த ஆட்டத்தில் ஐந்து பேர் அதற்கென்றே இருக்கிறார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் ஒவ்வொரு கார்டு, அவர்களுக்கு வெளியே ஒவ்வொரு டேக்கிள். சாதாரணமாக இவர்கள் பந்தைச் சுமப்பதில்லை. இவர்களுக்கு யாரும் பந்தை எறிவதும் இல்லை. தேரோட்டத்தில் கூட்டம் சாமியைப் பார்க்கும், முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்க்காது. இவர்கள் நிலையும் அப்படித்தான்.

இந்த ஐவருக்கு ஓட்ட ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஓட்ட ஆட்டம் என்றால் பந்தை எறியாமல், ஒருவர் கையில் கொடுத்து, எதிரணியைப் பிளந்துகொண்டு ஓடவைப்பது. எதிரணி நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். பந்து கிளம்ப ஒரு நொடி இருக்கும்போதுகூட மாறும். கூடிப் பேச நேரமில்லை. அந்த நிலையில் ஐந்து பேரும் தனித்தனியே யோசித்து ஒரே முடிவுக்கு வரவேண்டும். நூறு ஆண்டுக்கும் மேலாக அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இதற்கு விதி எழுதுவதும் அழிப்பதும் மறுபடி எழுதுவதுமாக இருக்கிறார்கள். காரைக்காலை ஒட்டிய கோவில்பத்தில் இருந்துகொண்டு இதைத் தோண்டுவதற்குக் காரணம் உண்டு. கபடியில் பிடிக்க நிற்கும் ஏழு பேருக்கும் சிக்கல் இதேதான். நாம் அதைப் பழக்கத்தில் விட்டிருக்கிறோமே ஒழிய, விதியாக எழுதிப் பார்த்தது குறைவு.

நம் பக்கத்தில் அந்த ஆட்டம் எட்டிப்பார்த்ததும் உண்டு. எலீட் புட்பால் லீக் ஆஃப் இந்தியா என்ற பெயரில் 2011-இல் ஒரு தொழில்முறைப் போட்டி அறிவிக்கப்பட்டது. மைக் டிட்கா, கர்ட் வார்னர் போன்ற பழைய அமெரிக்க நட்சத்திரங்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள். முதல் பருவத்தின் ஆட்டங்கள் 2012-இல் கொழும்பில் நடந்தன. புனே மராத்தாஸ் கோப்பையை வென்றது. ஆடியவர்களில் பலர் ரக்பியிலிருந்தும் தடகளத்திலிருந்தும் வந்தவர்கள். பந்தைப் பிடிப்பதும் ஓடுவதும் ஆளை விழத்தட்டுவதும் இப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய பாடமில்லை. மறிப்பதுதான் பாடம். தன் ஆளுக்கு முன்னால் ஓடி எதிரியை மறித்தால் ரக்பியில் தண்டனை. இங்கே மறிக்காமல் நின்றால் திட்டு. பல ஆண்டு உடம்பில் ஊறிய ஒரு கட்டுப்பாட்டை முதலில் கழற்ற வேண்டும், பிறகுதான் புதியதை மாட்ட முடியும். லீக் ஊன்றி நிற்கவில்லை. அதற்குப் பணம், தொலைக்காட்சி என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூட வயதில் யாருமே மறிக்கக் கற்றிராத ஒரு நாட்டில் அந்த ஆட்டம் வேர்விடுவது கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கர்களுமே இந்தக் கட்டுப்பாட்டைக் கழற்ற நாள் எடுத்தார்கள். அவர்களது ஆட்டம் ரக்பியிலிருந்து கிளைத்தது. ஆரம்பத்தில் பந்துக்காரனுக்கு முன்னால் போய் வழி உண்டாக்குவது அங்கும் தப்பு. 1879-இல் பிரின்ஸ்டன் மாணவர்கள் பந்துக்காரனின் இருபக்கமும் ஆள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். முன்னால் போகவில்லை, பக்கத்தில்தான் போனோம் என்று வாதிடலாம் அல்லவா? அந்தச் சந்து வழியே மறிப்பு உள்ளே நுழைந்தது. 1892-இல் ஹார்வர்டு, யேல் அணிக்கு எதிராகப் 'பறக்கும் ஆப்பு' என்ற வியூகத்தை இறக்கியது. தூரத்திலிருந்து வேகமெடுத்து ஓடிவந்து, ஆப்பு வடிவத்தில் திரண்டு, ஒரே ஆள்மீது மோதுவது. இரண்டே ஆண்டில் அதைத் தடைசெய்தார்கள். ஆனாலும் கும்பலாகத் தள்ளும் பழக்கம் போகவில்லை. 1905 பருவத்தில் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் உயிரிழந்ததாகப் பத்திரிகைகள் கணக்குப் போட்டன. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களை அழைத்துப் பேசும் நிலை வந்தது. அடுத்த ஆண்டு பந்தை முன்னால் எறிய அனுமதி வந்தது. 1910-இல் கோட்டில் ஏழு பேர் நிற்க வேண்டும், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மறிக்கக் கூடாது என்றார்கள்.

கற்பித்தலின் வரலாறு உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. கும்பலாகத் தள்ளும்வரை யாரைத் தள்ளுவது என்ற கேள்விக்கு இடமில்லை, முன்னால் இருக்கிறவனைத் தள்ளினால் போதும். கைகோக்கக் கூடாது, தனித்தனியே மறி என்றதும் ஒவ்வொருவனுக்கும் ஒரு முடிவு தேவைப்பட்டது.

அந்த முடிவு ஏன் கடினம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். எதிரணியில் பதினொரு பேர். நம் பதினொரு பேரில் பந்தைச் சுமப்பவர் ஒருவர், அதை அவரிடம் கொடுக்கும் குவார்ட்டர்பேக் ஒருவர். மறிக்க மிஞ்சுவது ஒன்பது. எப்படிப் பிரித்தாலும் இரண்டு பேர் சும்மா விடப்படுவார்கள். ஆகவே மறிப்பு விதி என்பது யாரை மறிப்பது என்பதோடு நிற்பதில்லை, யாரை விடுவது என்பதையும் அதுவே சொல்லியாக வேண்டும். ஓடுகிறவனை எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் நிற்பவனை விடலாம். அல்லது ஒருவனை வேண்டுமென்றே விட்டு, அவன் எந்தப் பக்கம் பாய்கிறான் என்று குவார்ட்டர்பேக் பார்த்து, எதிர்ப்பக்கம் பந்தைக் கொண்டுபோகலாம். இந்தப் பிந்தைய தந்திரத்தில் அந்த ஒருவனை மறிக்க ஆளே செலவாகவில்லை; அவன் தானாகவே ஆட்டத்திலிருந்து கழிந்துவிட்டான்.

இனி விதிகளுக்கு வருவோம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் முறை, ஆளுக்கு ஓர் ஆள். "நீ அவன், நீ இவன்" என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிவிடுவது. பையன்களுக்கு உடனே புரியும். சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரணி வேறு மாதிரி வந்து நின்றதும் கோடுகள் எல்லாம் காற்றில் போகும். கார்டுக்கு எதிரே நின்றவன் அரை அடி நகர்ந்து சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் வந்துவிட்டான் என்று வையுங்கள். இப்போது அவன் யாருடைய ஆள்? இருவரும் பாய்ந்தால், எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தொட ஆளில்லை. இருவரும் மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டால் பந்துக்காரன் கையில் பந்து வரும் முன்பே அவன் வந்து நிற்பான். ஓட்ட ஆட்டம் கவிழ்வதற்கு உடல்வலுக் குறைவைவிட இந்த அரை அடிக் குழப்பமே அதிகக் காரணம் என்பது என் கணிப்பு.

ஆளை விட்டு இடத்தைப் பிடி என்பது அடுத்த முறை. சென்டருக்கும் கார்டுக்கும் இடையே உள்ள சந்து ஏ, கார்டுக்கும் டேக்கிளுக்கும் இடையே பி, டேக்கிளுக்கு வெளியே சி. எதிரிகள் நிற்கும் இடத்துக்கும் எண் உண்டு. சென்டருக்கு நேர் எதிரே பூஜ்யம், அங்கிருந்து வெளியே போகப்போக எண் கூடும். இந்த எண்முறையை டெக்சாஸ் பயிற்சியாளர் பம் பிலிப்ஸ் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இப்படிப் பெயரிட்டதும் விதியைக் கேள்விகளின் வரிசையாக எழுத முடிகிறது. என் உள்பக்கச் சந்தில் ஆள் நிற்கிறானா? அவன்தான் என் ஆள். இல்லையா, எனக்கு நேர் எதிரே யாராவது? அவன். அங்கும் இல்லையா, பின்னால் நிற்கும் லைன்பேக்கர். எதிரணி எப்படி நின்றாலும் இந்த மூன்று கேள்வியில் ஒன்றுக்கு விடை வந்தே தீரும். பையன் மனப்பாடம் செய்வது ஆளை அல்ல, கேள்வி வரிசையை.

இந்த வகையில் 'பவர்' என்ற ஆட்டத்தை உற்றுப் பார்த்தால் விதியின் அழகு தெரியும். வலப்பக்கம் ஓடப்போகிறார்கள். வலது டேக்கிளும் வலது கார்டும் தங்களுக்கு வெளியே நிற்பவனைக் கண்டுகொள்வதே இல்லை. இருவரும் உள்நோக்கிச் சாய்ந்து இறங்குகிறார்கள். எதிரியின் மார்பில் மோதாமல் விலாவில் மோதுவதால், எடை குறைந்தவனும் கனத்தவனை நகர்த்திவிடுவான். விடப்பட்ட அந்த வெளி ஆளை, பின்னாலிருந்து ஓடிவரும் ஃபுல்பேக் வெளிப்பக்கமாகத் தள்ளிக் கதவைத் திறக்கிறான். இதற்குள் இடது கார்டு தன் இடத்தைக் காலிசெய்து, சென்டருக்குப் பின்னால் சுற்றி ஓடி, திறந்த கதவுக்குள் நுழைந்து லைன்பேக்கரை மோதுகிறான். அவன் காலிசெய்த இடம் ஓட்டை ஆயிற்றே? அதற்குச் சென்டர் பின்பக்கம் சாய்ந்து அடைக்கிறான். இடது டேக்கிள் ஓர் அடி உள்ளே வைத்து, உள்பக்கம் யாரும் புகவில்லை என்று பார்த்துவிட்டு, பிறகு வெளியே திரும்புகிறான். ஒருவன் தாமதித்தால் ஐவர் உழைப்பும் பாழ்.

சாய்ந்து மோதுவதை ஒரு பாடத்திட்டமாகவே வளர்த்தது டெலவேர் பல்கலைக்கழகம். டேவ் நெல்சன் 1951-இல் அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவர் செதுக்கிய 'விங்-டி' முறையை, 1966-இல் பொறுப்பேற்ற டப்பி ரேமண்ட் 2001 வரை நடத்தி 300 வெற்றிகள் கண்டார். சிறிய பள்ளிகள் இதை விரும்பி எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஊரில் இருக்கும் பையன்களை வைத்துத்தான் அவர்கள் அணி கட்ட வேண்டும், பெரிய உடம்புக்காரர்களைத் தேடிப் பிடிக்க முடியாது.

வின்ஸ் லொம்பார்டியைப் பற்றி நிறையச் சொல்வார்கள். அவர் பயிற்றுவித்த கிரீன்பே பேக்கர்ஸ் 1961-க்கும் 1967-க்கும் இடையே ஐந்து பட்டங்களை வென்றதற்குப் பின்னால் ஒரே ஓர் ஆட்டம் பெரும்பங்கு வகித்தது. இரு கார்டுகளும் கிளம்பி ஓடி வழியமைக்கும் 'ஸ்வீப்' அது. அந்த ஓர் ஆட்டத்தைப் பற்றியே லொம்பார்டி எட்டு மணி நேரம் வகுப்பெடுத்ததை, பயிற்சியாளர் ஜான் மேடன் பிற்காலத்தில் வியந்து சொல்லியிருக்கிறார். எதிரணி எத்தனை விதமாக நிற்க முடியுமோ அத்தனைக்கும் ஒவ்வொருவனும் என்ன செய்வான் என்று எழுதத் தொடங்கினால் எட்டு மணி நேரம் அதிகமில்லை. குறைந்த ஆட்டம், நிறைந்த விதி. நம் பயிற்சியாளர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மூன்றாவது முறை 'சோன்'. ஐவரும் ஒரே திசையில், ஒரே அளவு அடி வைத்து நகர்கிறார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: எனக்கு எதிரே ஆள் நிற்கிறானா, இல்லையா? நின்றால் அவன் என் ஆள். நிற்கவில்லை என்றால், ஓடும் திசையில் பக்கத்தில் இருக்கும் கூட்டாளிக்கு உதவப் போகிறேன். இருவருமாக ஒருவனை நகர்த்திக்கொண்டே கண்ணை லைன்பேக்கர்மேல் வைத்திருக்கிறோம். அவன் எந்தப் பக்கம் வருகிறானோ அந்தப் பக்கத்து ஆள் கழன்று அவனிடம் போவான். யார் கழல்வது என்று முன்கூட்டியே சொல்லப்படுவதில்லை, எதிரியின் நகர்வுதான் அதைச் சொல்லும். பந்துக்காரனுக்கும் நிலையான சந்து கிடையாது, எது திறக்கிறதோ அது. அலெக்ஸ் கிப்ஸ் என்ற பயிற்சியாளர் 1990-களில் டென்வர் பிராங்கோஸ் அணியில் இதைச் செதுக்கினார். அன்றைய அளவில் இலகுவான உடம்புக்காரர்களை வைத்தே அவர் வேலை நடந்தது. 1998 பருவத்தில் டெரல் டேவிஸ் அந்த வரிசைக்குப் பின்னால் 2,008 கெஜம் ஓடினார். அணி அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பவுல் வென்றது.

சோன் எளிது, ஒரே கேள்விதானே என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. விதியின் வாசகம் சுருங்கியது உண்மை. ஆனால் பவரில் காகிதத்தில் எழுதப்பட்ட முடிவு இங்கே இரண்டு பேரின் தோளுக்கு இடம் மாறிவிட்டது. பக்கத்து ஆளின் இடுப்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை உடம்பு உணர்ந்து கழல வேண்டும். அது பல மாதப் பழக்கம். புதிதாகத் தொடங்கும் அணிக்கு, பார்க்க நீளமாக இருந்தாலும், சந்து விதிதான் நல்லது. தவறு நடந்தால் எந்தக் கேள்வியில் தவறியது என்று விரல்வைத்துக் காட்ட முடியும். சோனில் தவறு நடந்தால் இருவருமே தன்மேல் தவறில்லை என்பார்கள், இருவர் சொல்வதும் பாதி சரியாக இருக்கும்.

மூன்று முறைகளையும் வரிசையாக வைத்தால் ஒன்று விளங்குகிறது. விதியின் முதல் பயன் எனக்கு வேலை சொல்வது அன்று. நான் என்ன செய்யப்போகிறேன் என்பது என் பக்கத்து ஆளுக்குக் கேட்காமலே தெரிவது. அதனால்தான் கற்பிக்கும் முறைகளும் தனி ஆளில் தொடங்கி உடனே இரண்டு பேருக்குப் போகின்றன. முதலில் கால். பந்து கிளம்பும் சொல்லுக்கு முதல் இரண்டு அடி மட்டும், மோதல் இல்லாமல், நாள்தோறும். உயரம் குறைந்த கம்பிப் பந்தல் ஒன்றுக்குள்ளிருந்து குனிந்தபடியே கிளம்பச் சொல்வார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அடுத்து இருவர் சேர்ந்து ஒருவனை நகர்த்துவது. பிறகு பாதி வரிசை: சென்டரும் ஒரு பக்கத்தாரும் மட்டும். எதிரே நிற்பவர்களைப் பயிற்சியாளர் கடைசி நொடியில் இடம் மாற்றுவார். யாரும் ஓடுவதில்லை, நின்ற இடத்திலேயே "உன் ஆள் யார்?" என்று கேட்டால் விரல் நீட்ட வேண்டும். இரண்டு விரல் ஒரே ஆளைக் காட்டினால் அங்கேயே நிறுத்தித் திருத்தம். முழு வேக மோதல் கடைசியில், அதுவும் கொஞ்சமாக.

அந்தக் 'கொஞ்சமாக' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் முன்னாள் சென்டர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் ஐம்பது வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த பென்னட் ஒமாலு என்ற மருத்துவர், திரும்பத் திரும்ப வாங்கிய அடிகளால் உண்டான நோயை அதில் கண்டார். 2005-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பெரிய மோதல்களைச் செய்யும் ஓடுபவரோ பிடிப்பவரோ அல்ல, ஒவ்வொரு ஆட்டத்திலும் சிறுசிறு இடி வாங்கும் நடு ஆள். வீரர்களுடனான 2011 ஒப்பந்தத்தில், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகளுக்குப் பருவத்துக்குள் முழுக் கவசப் பயிற்சி பதினான்கு என்று வரம்பு வந்தது. தலையை விலக்கி, கையை முதலில் வை என்பது இன்று முதல் பாடம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டிருப்பது ஃபிளாக் புட்பால்; இடுப்பில் தொங்கும் நாடாவைப் பறித்தால் ஆட்டம் நிற்கும், மறிப்பதற்கே அனுமதி இல்லை. இந்தியப் பள்ளிகளுக்கு அந்த ஆட்டம் வந்தால் இந்த வழியில்தான் வரும். பிள்ளைகளின் தலைக்கு அது நல்லது. மறிப்புக் கலை மட்டும் அதனோடு வராது.

வராவிட்டாலும் அதன் விதி எழுதும் முறை நமக்கு ஆகும். கபடியில் பிடிக்கும் அணி ஏழு பேர்: இரண்டு கார்னர், இரண்டு இன், இரண்டு கவர், நடுவில் ஒருவர். காரைக்கால் வட்டாரத்து மணல் தரையில் பையன்கள் ஆடுவதைப் பார்த்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். ரைடர் போனஸுக்குக் காலை நீட்டுவான். கார்னர் குனிந்து கணுக்காலைப் பிடித்துவிடுவான், நல்ல பிடியாகவே இருக்கும். பக்கத்து இன் அவன் முதுகுமேல் விழுவான். அந்தப் பக்கத்துக் கவர் மட்டும் ஒரு கணம் நிற்பான். அந்த ஒரு கணத்தில் ரைடர் கார்னரை இழுத்துக்கொண்டே நடுக்கோட்டில் கையை வைத்துவிடுவான். ஒரு ஆளுக்குப் பதில் இரண்டு பேர் வெளியே. உடனே எல்லோரும் கவரைத் திட்டுவார்கள். அவன் பயந்து நின்றவன் இல்லை. கார்னர் பிடிப்பான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிடித்தால் தான் எங்கே போவது என்பதும் அவனுக்குச் சொல்லப்படவில்லை. கணுக்கால் பிடி, தொடைப்பிடி, டேஷ், பிளாக் என்று தனித்தனிப் பிடிகளை நம் பயிற்சியாளர்கள் அருமையாகச் சொல்லித்தருகிறார்கள். யார் முதலில், யார் அடுத்து, யார் போகவே கூடாது என்பது கத்தலுக்கும் அனுபவத்துக்கும் விடப்படுகிறது.

அனுபவம் பலன் தருவதில்லை என்று சொல்ல முடியாது. தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன் நாற்பதைத் தாண்டிய வயதில், 2016-இல், பாட்னா பைரேட்ஸ் தலைவராகப் புரோ கபடிக் கோப்பையை ஏந்தினார். அந்த வயதில் வேகம் குறைந்திருக்கும். யார் எப்போது போக வேண்டும் என்ற கணக்குதான் கூடியிருக்கும். ஆனால் அந்தக் கணக்கு அவர் தலையில் இருக்கிறது. பதினைந்து வயதுப் பையனுக்கு அது சேர இருபது ஆண்டு காத்திருக்க முடியாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் ஈரான் ஆடவர் அணி 27-18 என்று இந்தியாவை வீழ்த்தியது. 1990-இலிருந்து தொடர்ந்து தங்கம் வாங்கிய ஆட்டம் நமக்கு அது. தனிப்பிடியில் நம்மவர்கள் தாழ்ந்தவர்கள் அல்லர். ஒருவன் கை வைத்ததும் மற்றவர்கள் வந்து சேர்ந்த விதத்தில்தான் ஈரான் முந்தியது என்று நான் நினைக்கிறேன்.

சந்து விதியைப் போலக் கபடிக் கவருக்கு ஒரு கேள்வி வரிசை எழுதிப் பார்க்கலாம். என் பக்கத்துக் கார்னர் கை வைத்துவிட்டானா? வைத்திருந்தால் ரைடரின் உடம்பிடம் போகாதே, அவனுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் போய் நில். கை வைக்கவில்லையா, ரைடர் என்னைத் தாண்டிப் பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கிறானா? டேஷ். அதுவும் இல்லையா, இன்னின் கையை விடாதே. மூன்றே கேள்வி. கார்னருக்கு வேறு மூன்று, இன்னுக்கு வேறு மூன்று. கபடியில் ஒரு கூடுதல் சிக்கல், எதிரே நிற்பது ஒருவன்தான், ஆனால் நம் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸ் கிடையாது, ஆகவே கார்னர் அந்தக் காலுக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஐந்துக்கு ஒரு விதி, நான்குக்கு ஒரு விதி வேண்டும். பாதி வரிசைப் பயிற்சியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஒரு கார்னர், ஒரு இன், ஒரு கவர், நடந்து வரும் ரைடர் ஒருவன். "இப்போது உன் வேலை என்ன?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பது.

எதில் தொடங்குவது என்று கேட்டால் மூன்று பேர் மிஞ்சும் நிலையில் என்பேன். ஆடவர் களத்தில் லாபி போக எட்டு மீட்டர் அகலத்தை மூன்று பேர் காக்க வேண்டும். பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. பக்கத்து ஆள் என்பது ஒன்றோ இரண்டோதான், ஆகவே கேள்வியும் குறைவு. ஒரு வாரத்தில் பையன்களுக்கு அது பிடிபட்டுவிடும். ஏழு பேர் விதி எழுதுவது கடினம், நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் பக்கத்து ஆள்கள் இருப்பதால் அவன் கேள்விகள் ஒன்றோடொன்று முட்டும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.